இரண்டாம் அடுக்கு எலிகள்

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்குக் கைராசி என்று பெயர். வைத்தவர் கூடு கழுவுகிற பெரியவர். அவர் லேசில் யாருக்கும் நல்ல பெயர் வைக்கிற ஆள் இல்லை. அறைக் கதவைத் திறப்பதே இல்லை என்பதற்காக இயக்குநருக்கே 'தாழ்ப்பாள்' என்று பெயர் வைத்தவர். ஆனால் அவள் கைக்கு வந்தால் எந்த எலியும் அடங்கிவிடும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் தூக்கினால் கத்தும், கடிக்கும், கையிலேயே ஈரம் பண்ணிவிடும். இவள் தூக்கினால் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இருபத்தாறு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. காலை ஏழு மணிக்கு வந்து செருப்பை மாற்றி, கோட்டும் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள் நுழைவாள். ஆறு மணிக்கு விளக்குகள் தாமாக எரிந்திருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தாமாக அணையும். எலிகளுக்கு அதுதான் சூரியன். இரும்பு அடுக்குகளில் வரிசை வரிசையாக பிளாஸ்டிக் கூடுகள், அடியில் மரச்சீவல், மேலே கவிழ்த்த தண்ணீர் பாட்டில். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவளுக்கு அந்த வாடை என்றைக்கோ மரத்துப் போயிற்று. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "நான் கிரீஸ், நீ எலி. மூக்கு இருக்கறவன் எவனும் நம்ம வீட்டுக்கு வரமாட்டான்" என்பார்.

அவளுடைய முக்கியமான வேலையை வெளியில் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது முகத்தைச் சுளிப்பார்கள். பெண் எலியின் உடம்பில் நான்கைந்து நாளுக்கு ஒரு சுற்று வரும். அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தினமும் பார்க்க வேண்டும். எலியைக் கையில் சாய்த்துக்கொண்டு, சொட்டுக்குழாயால் பிறப்புறுப்பில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, அதையே திரும்ப உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். ஒரு நாள் உருண்டைச் செல்கள் தெரியும். இன்னொரு நாள் காய்ந்த சருகு மாதிரி தட்டையான செல்கள். பிறகு பொடிப்பொடியாக வெள்ளைச் செல்கள். சருகு தெரிந்தால் உள்ளே ஈஸ்ட்ரோஜன் ஓடுகிறது என்று அர்த்தம். வயதாக ஆகச் சருகு தாறுமாறாகும், தள்ளிப்போகும், கடைசியில் நின்றே போகும். அப்புறம் தகடு முழுக்க வெள்ளைதான். அவள் நோட்டில் 'வெள்ளை' என்று எழுதிவிட்டு அடுத்த கூட்டுக்குப் போவாள்.

தனக்கும் அப்படித்தான் நின்று போயிற்று என்று ஐம்பத்தொன்றாவது வயதில் அவளுக்குத் தெரிந்தது. அதற்கு மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை. திடீர் திடீரென்று மார்பிலிருந்து நெருப்பு கிளம்பிக் காது வரைக்கும் ஏறும். வேர்த்துக் கொட்டும். ஒன்றுமில்லாததற்கு அழுகை வரும். வீட்டில் ஃபேனுக்கு அடியில் நிற்கலாம். ஜன்னலில்லாத அறையில் கோட்டுக்குள் என்ன செய்வது? கோட்டுக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். விதிப்படி அது தப்பு. கையுறை மணிக்கட்டு வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் வெறும் கை. ஆனால் கைராசியிடம் போய் விதி பேச அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில் நடந்துகொண்டிருந்தது பெரிய ஆராய்ச்சி. நடத்தியவள் முப்பத்து நான்கு வயது ஆய்வாளர், நெட்டையான பெண், கோபம் வந்தால் நகத்தைக் கடிப்பாள். மூளைக்கு அடியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சுரப்பி தொங்குகிறது, பிட்யூட்டரி என்று. பால் சுரக்கச் சொல்லும் செல்கள் அதற்குள் இருக்கின்றன. வயதான பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜனைத் திரும்ப ஏற்றினால் அந்தச் செல்கள் என்ன ஆகும்? பெருகுமா, வீங்குமா, கட்டியாகுமா? இதுதான் கேள்வி. அதற்காக முப்பத்தாறு பெண் எலிகளைக் குட்டியிலிருந்து இருபது மாதம் வளர்த்துக் கிழவிகளாக்கிக் கொடுத்தது இவள்தான். முதல் அடுக்கில் பன்னிரண்டு, தோலுக்கடியில் ஈஸ்ட்ரோஜன் அடைத்த சின்னக் குழாய். இரண்டாம் அடுக்கில் பன்னிரண்டு, அதே குழாய், உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாம் அடுக்கில் பன்னிரண்டு, தீனியும் தண்ணீரும் தவிர யாரும் தொடக் கூடாது.

கிழ எலிகளைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் மூச்சு வாங்கும். அதனால் அவள் அவற்றை முழங்கை மடிப்பில் குழந்தை மாதிரிப் படுக்க வைத்துக்கொள்வாள். அதுவும் அவளாகக் கண்டுபிடித்த முறைதான். தலை மடிப்பில் இருக்கும், உடம்பு முன்கையில் நீளும், இன்னொரு கை சொட்டுக்குழாயைப் பிடிக்கும். மடித்துவிட்ட வெறும் கையை எலிகள் நக்கும். வியர்வை உப்புக்கு ஆசைப்படுகின்றன என்று அவள் விட்டுவிட்டாள்.

ஆராய்ச்சி ஆரம்பித்து ஆறாவது வாரம் இரண்டாம் அடுக்கில் ஒரு தகட்டில் சருகு தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சருகுதான். ஒரு வாரத்தில் ஏழு எலிகளுக்கு வந்துவிட்டது. வெறும் குழாய் வைத்த கிழவிகளுக்கு. மூன்றாம் அடுக்கை ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்த்தார்கள். அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

ஆய்வாளர் முதலில் அவள் கூடுகளை மாற்றிவிட்டாளோ என்று சந்தேகப்பட்டாள். காது வெட்டுக் குறிகளைச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. நான்காம் மாத முடிவில் இரண்டாம் அடுக்கில் எட்டு எலிகளை அறுத்துப் பார்த்தபோது பிட்யூட்டரியும் பெருத்திருந்தது. முதல் அடுக்கு அளவுக்கு இல்லை, ஆனால் மூன்றாம் அடுக்கைப் போல ஒன்றரை மடங்கு. பால் செல்களும் கூடியிருந்தன.

இன்னொரு விஷயமும் இருந்தது. நடுவில் அவள் தங்கையின் ஆபரேஷனுக்காகப் பன்னிரண்டு நாள் லீவில் போயிருந்தாள். பதிலுக்கு வந்த ஆள் இறுக்கிப் பொத்தான் போட்ட கோட்டும் கையுறையுமாக, தூக்கினோம் வைத்தோம் என்று வேலை பார்த்தவன். அந்த நாட்களில் இரண்டாம் அடுக்கில் சருகு மறைந்தது. அவள் திரும்பி வந்த ஐந்தாம் நாள் மறுபடி வந்தது.

நோட்டின் அந்தப் பக்கத்தை ஆய்வாளர் அவளுக்கே காட்டினாள். "அக்கா, இதைப் பாருங்க. நீங்க இல்லாதப்போ அதுங்க ஏங்கிப் போயிருக்கு. நீங்க வந்ததும் உடம்பு திரும்பி வந்திருக்கு."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"தொடுறதுதான் காரணம்னு சொல்றேன். தினமும் ஒருத்தர் அன்பா கையில வச்சிருந்தா கிழ எலியோட பிட்யூட்டரிகூட முழிச்சுக்குது. இதை யாரும் இதுவரைக்கும் காட்டினதில்லை. கட்டுரைல உங்க பேரு என் பேருக்குப் பக்கத்துல வரும். அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்பப் போறேன்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ கட்டுரைகள் அந்த அறையிலிருந்து போயிருக்கின்றன. எதிலும் அவள் பெயர் இல்லை; 'ஒரு பணியாளர்' என்றுகூட இல்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பெயர் வருவது ஒரு பக்கம். என்னைத் தேடி ஒரு உயிர் ஏங்கியிருக்கிறதே என்பது இன்னொரு பக்கம். அதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. பிள்ளை இல்லாதவள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் இத்துடன் விட்டுவிடலாம்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போக வேண்டிய நாள். ஆறு மாதத்துக்கு முன்பு வெப்பம் தாங்காமல் போனபோது அந்த அம்மாள்தான் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்திருந்தாள். காலையில் குளித்துவிட்டுப் பட்டாணி அளவு எடுத்து முன்கையின் உள்பக்கம் தடவ வேண்டும். தடவினாள், கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆனாலும் எலி அறைக்குள் புழுக்கம் விடவில்லை. மடித்த கை மடித்தபடியே இருந்தது.

டாக்டர் ரத்தக்கொதிப்பு பார்த்து, எடை பார்த்து, எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "வீட்ல கைக்குழந்தை ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க."

"நாய், பூனை?"

"எதுவும் கிடையாது. ஏன் கேக்கறீங்க?"

"போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. அவங்க நாய்க்குட்டிக்குக் காம்பு வீங்கிப் போச்சாம். பார்த்தா, இவங்க ஜெல் தடவின கையை அது நக்கியிருக்கு. தடவின இடத்தைத் துணியால மூடிக்கணும், அதான். பெட்டிக்குள்ள சீட்டு இருக்குமே, படிக்கலையா?"

படிக்கவில்லை. எலித் தீனி மூட்டையின் மேல் உள்ள தேதியைக்கூட இரண்டு தடவை படிக்கிறவள், தன் மருந்துச் சீட்டை அலமாரித் தட்டில் விரித்துப் போட்டு அதன் மேல் சீப்பு வைத்திருந்தாள். "வீட்ல இல்லைங்க" என்று ஆரம்பித்து மேலே சொல்ல முடியாமல் நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரிடமிருந்து நேராகக் கூடத்துக்குத்தான் போனாள், லீவு போட்டிருந்தும். நோட்டை எடுத்தாள். ஜெல் வாங்கிய நாள் கைப்பையில் கிடந்த மருந்துக் கடை ரசீதுச் சீட்டில் இருந்தது: ஆராய்ச்சியின் ஐந்தாவது வாரம், திங்கள். முதல் சருகு அதற்கு அடுத்த வாரம் புதன். பன்னிரண்டு நாள் இல்லை, சருகும் இல்லை. வந்தாள், சருகும் வந்தது. எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. யாரும் அவளுக்காக ஏங்கவில்லை. அவள் கையில் தடவியிருந்த ஜெல்லின் ஈஸ்ட்ரோஜனை நக்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். அவரிடம் அது ஒரு நல்ல குணம்.

"சரி, நீ வேணும்னு பண்ணலையே. விடேன். அந்தப் பொண்ணும் சந்தோஷமா இருக்கு, உன் பேரும் வரப்போகுது."

"அதைப் படிச்சிட்டு மத்தவங்க என்ன செய்வாங்கன்னு நெனச்சீங்க? கிழ எலியா வாங்கி மடியில போட்டுத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அறுத்துப் பார்ப்பாங்க, ஒண்ணும் வந்திருக்காது. நாம சரியாத் தடவலையோன்னு மறுபடி வாங்குவாங்க, மறுபடி அறுப்பாங்க. எத்தனை உயிரு போகும்?"

"ஏற்கெனவே அறுத்தாங்களே, அந்த எட்டு?" என்று கேட்டார் அவர்.

"அது போனது போனதுதான். என்னால வீணாப் போச்சு" என்றாள். அவர் ஆறுதல் சொல்ல வாயெடுத்து, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

புதன்கிழமை காலை கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்த ஆய்வாளரிடம் போய் நின்று, ஜெல் பாட்டிலை மேஜையில் வைத்தாள். மருந்துக் கடைச் சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் வைத்தாள். பூசி மெழுகாமல், சுற்றி வளைக்காமல், தேதி தேதியாகச் சொன்னாள். கோட்டுக் கையை மடித்துக் காட்டி எந்த இடம் என்றும் காட்டினாள். ஆய்வாளர் ஆரம்பத்தில் சிரித்தாள். பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தாள். சிரிப்பு நின்றது.

"இதை ஏன்க்கா இப்ப வந்து சொல்றீங்க?"

"இப்பத்தான் தெரிஞ்சுது மேடம்."

"நாலு மாசத்துல எனக்கு வேலை முடியுது. இந்தக் கட்டுரை வெளிய போனாத்தான் நீட்டிப்பாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் வந்து சொல்றீங்க."

ஆய்வாளர் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். அன்று முழுவதும், மறுநாளும், அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடு கழுவுகிற பெரியவருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்ததும் கைராசி என்று கூப்பிட வாயைத் திறந்து, சட்டென்று நிறுத்தி, "தண்ணி பாட்டில் கழுவி வச்சிருக்கேன்" என்றார். அது அவளுக்குச் சாட்டையால் அடித்தது போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை கட்டுரை போகவில்லை. சாயங்காலம் ஆய்வாளர் எலி அறை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"தினமும் நீங்க கையை மடிச்சிருந்ததை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேட்டிருக்கணும், கேக்கலை. எனக்கும் அந்தக் கதை பிடிச்சுப் போச்சு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "இரண்டாம் அடுக்குல இன்னும் நாலு இருக்கு. பதினாலு நாள் ஜெல் இல்லாம, கையை மூடிக்கிட்டு, அதே மாதிரி வச்சிருங்க. சருகு வந்தா தொடுறதுதான். வரலைன்னா..."

"வராது மேடம்" என்றாள் அவள். ஆனால் வர வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஜெல்லை நிறுத்தினாள். இரண்டாம் நாளே நெருப்பு திரும்ப வந்தது. கோட்டுக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, கையுறையை அதன் மேல் மாட்டி, ஓரத்தில் ஒட்டுநாடாவும் சுற்றிக்கொண்டாள். கோட்டுக்குள் தொப்பலாக நனைந்தாள். எலிகளை வழக்கம்போல மடிப்பில் படுக்க வைத்தாள். வழக்கத்தை விடக் கூடுதல் நேரமே வைத்திருந்தாள், யாரும் குறை சொல்லக் கூடாதென்று. அவை துணியை மோந்து பார்த்தன, ஒரு தடவை நக்கிப் பார்த்தன, விட்டுவிட்டன. ஆறாம் நாள் இரண்டு எலிகளுக்குச் சருகு நின்றது. ஒன்பதாம் நாள் மூன்றாவதுக்கு. பதினோராம் நாள் நாலாவதுக்கும் தகடு முழுக்க வெள்ளை. அந்த நாலாவது, வலது காதில் இரண்டு வெட்டு உள்ளது, கடைசி வரைக்கும் அவளை ஆசை காட்டிய எலி. அவள் தானே 'வெள்ளை' என்று எழுதினாள். பதினாலாம் நாள்வரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வாளர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்க வெகுநேரமாயிற்று.

"சின்னதா ஒரு குறிப்பு எழுதப் போறேன்க்கா. எலிகளைக் கையாளுறவங்க இந்த மாதிரி மருந்து தடவினா சோதனை கெட்டுப் போகும்னு. மத்த கூடத்துக்கெல்லாம் உபயோகமா இருக்கும். வேலை நீட்டிப்பாங்களான்னு தெரியாது." பிறகு தயங்கினாள். "உங்க பேரைப் போடலாமா? போட்டா உங்க கையாலதான் கெட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். வேணாம்னா ஒரு பணியாளர்னு எழுதிடறேன்."

"பேரையே போடுங்க மேடம். ஒரு பணியாளர்னா யாருன்னு தேடுவாங்க, பாவம் அந்த லீவு ஆளைப் பிடிச்சு உலுக்குவாங்க. தப்பு எழுத்தில்லாம முழுப் பேரையும் போடுங்க. அவ்ளோதான்."

ஆய்வாளர் தலையாட்டினாள். "நாளைக்குக் காலைல இந்த நாலையும் அறுக்கணும்க்கா. பிட்யூட்டரி எடை வேணும்."

"சரி மேடம்."

ஆய்வாளர் போன பிறகு அவள் நாலாவது எலியின் கூட்டைத் திறந்தாள். சோதனை முடிந்துவிட்டது, கடைசித் தகடும் பார்த்தாகிவிட்டது, இனி எதுவும் கெட்டுப்போகாது. ஒட்டுநாடாவைப் பிரித்து, கையுறையைக் கழற்றி, கோட்டுக் கையைப் பழையபடி மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எலியை வெறும் கையில் படுக்க வைத்தாள். பதினாலு நாளாக அந்தக் கையில் எதுவும் தடவவில்லை. சோப்பு போட்டுக் கழுவிய கை, இப்போது வேர்த்திருந்தது.

எலி மோந்து பார்த்தது. மூன்று நான்கு தடவை நக்கியது. ஜெல் வருவதற்கு முன்னாலும் இப்படித்தான் நக்கிக்கொண்டிருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நக்கி முடித்துவிட்டு முழங்கை மடிப்பில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அதற்கு நோட்டில் எழுத ஒன்றுமில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். "தூங்கு" என்றாள் அதனிடம். ஆறு மணிக்கு விளக்குகள் தாமாக அணைந்து, கதவைப் பூட்ட வந்த பெரியவர் "கைராசி, இன்னும் கிளம்பலையா?" என்று வெளியிலிருந்து கூப்பிடும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.